குளிரிற் பிணங்கும் கணினி

மலைநாட்டார்க்குக் குளிர் புதியதன்று. கொழுந்தின் மணத்துக்கும் சுவைக்கும் அதுவே துணையென்று போற்றுகின்றோம்; தை, மாசி மாதங்களின் விடியற்போதிலே தேயிலைச் செடிகளின்மேல் உறைபனி படிந்து தளிரைக் கருக்கும்போது அதனையே நோகின்றோம். கடல் மட்டத்தினின்றும் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயர்ந்த நுவரெலியாவிலே ஆண்டின் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியசு அளவினதே. கொழும்பிலோ அது 27 பாகையை ஒட்டியது. இவ்வேறுபாட்டை உடலால் அறிந்த நாம், நம் இல்லங்களில் உள்ள கருவிகளும் அதனை அறியும் என்பதைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

2020ஆம் ஆண்டிலே பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் இணையவழியே நடந்தபோது, வீட்டிலொரு கணினி வேண்டும் என்னும் எண்ணம் லயக் காம்பராக்களிலும் வேரூன்றியது. பிறர் பாவித்து விற்ற கணினியையேனும் கடன்பட்டு வாங்கிப் பிள்ளைக்குக் கொடுத்த பெற்றோர் உளர். தலைநகரிலே தொழில் புரியும் பழைய மாணவர்கள் தம் அலுவலகங்களில் விலக்கப்பட்ட கணினிகளைப் பாடசாலைகளுக்கு அன்பளிப்பாக அனுப்புவதும் உண்டு. ஆங்கே நன்கு இயங்கிய கருவி, ஈங்கு வந்ததும் காலையிற் பிணங்குகின்றது. ஆளியை அழுத்தினால் விசிறி சுழல்கின்றது. திரை இருண்டே கிடக்கின்றது. சிலவேளை தானே அணைந்து தானே எழுகின்றது. மூன்று நான்கு முறை முயன்றபின், ஒன்றும் நடவாதது போல் இயங்கி, மாலைவரை குறையின்றி உழைக்கின்றது. மறுநாட் காலையில் மீண்டும் அதே கதை.

இந்நிலையிலே கொடுத்தவர், “நாம் அனுப்பியபோது நன்றாயிருந்தது, பிள்ளைகள் பழுதாக்கிவிட்டனர்” என்கின்றார். பெற்றவர், “பழுதானதைத் தலையிற் கட்டிவிட்டனர்” என்கின்றார். வீட்டிலாயின் பழி பிள்ளைமேல் விழுகின்றது. கொடுத்தவரும் பொய்யர் அல்லர். பெற்றவரும் கவனமற்றவர் அல்லர் என்பதையும், இக்குறையை ஒரு குறிப்பேட்டின் துணையோடு நாமே பெரும்பாலும் இனங்காணலாம் என்பதையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருவகைக் குளிர்

தமிழாசிரியர்க்குக் கணினியின் குறை தீர்ப்பதிலே என்ன வேலை என்று வினவுவார் உளராயின், வேலை சொல்லிலேயே தொடங்குகின்றது என்போம். கணினித் துறையிலே ‘கோல்ட் பூட்’ என்று ஒரு தொடர் வழங்குகின்றது. குளிர்ந்த நிலையினின்று தொடங்குதல் என்பது அதன் சொற்பொருள். ஆயினும் அத்துறையார் அதனால் கருதுவது காலநிலையை அன்று. முற்றாக மின் நீங்கிக் கிடந்த கணினியைத் தொடக்குதலையே கருதுவர். ஏற்கெனவே இயங்கிக் கொண்டிருக்கும் கணினியை மின் நீக்காமலே மறுபடி தொடக்குதல் ‘வாம் பூட்’ எனப்படும். ஆகவே அச்சொல்லிற் குளிர் என்பது அணைந்து கிடந்தமையைக் குறிக்க வந்த உருவகமே.

உருவகமான இக்குளிரும் உண்மையான குளிரும் நுவரெலியாவின் விடியலிலே ஒன்றாய் வந்து கூடுகின்றன. இரவு முழுதும் அணைந்து கிடந்த கணினி, இரவு முழுதும் குளிர்ந்தும் கிடக்கின்றது. காலையில் அது பிணங்குமாயின், அணைந்து கிடந்தமையாற் பிணங்கியதா, குளிர்ந்து கிடந்தமையாற் பிணங்கியதா? இவ்விரண்டனையும் பிரித்தறியாமல், “குளிருக்கு அப்படித்தான்” என்று அமைவோர் குறையின் மூலத்தை என்றும் காணமாட்டார். இவற்றோடு மூன்றாவதாக ஒன்றும் கலந்திருத்தல் கூடும். விடியற்காலையில் அயல் வீடெங்கும் மின்கேத்தலும் மின்னடுப்பும் ஒருங்கே இயங்குவதால், 230 வோல்ற்று இருக்கவேண்டிய மின்வழங்கல் தாழ்ந்து போகலாம். ஆகவே ‘காலை’ என்னும் ஒரு சொல்லுக்குள்ளே அணைவு, குளிர், மின்தாழ்வு என்னும் மூன்று காரணங்கள் மறைந்து நிற்கின்றன.

குளிர் செய்வது யாது?

கணினியின் உறுப்புக்கள் பெரும்பாலும் 0 பாகைக்கு மேற்பட்ட வெப்பநிலையில் இயங்குமாறு ஆக்கப்பட்டவை. ஆதலின் நலமுள்ள கணினியை நுவரெலியாவின் குளிர் பொதுவாக வருத்தாது. நலங்குன்றிய உறுப்பையே அது வருத்தும். அவ்வாறு வருந்தும் உறுப்புக்கள் எவையென ஒன்றொன்றாகக் காண்போம்.

முதலாவது, கொள்ளளவி. கடைகளிலே ‘கப்பாசிற்றர்’ என்று வழங்கும் இச்சிறு உருளைகள், மின்னைச் சற்றே சேமித்து வைத்து வேண்டும்போது விடுவிப்பவை. ஏற்ற இறக்கமுள்ள மின்னோட்டத்தைச் சமன் செய்பவை. மின்வழங்கியிலும் தாய்ப்பலகையிலும் உள்ள இவற்றுட் பலவற்றினுள்ளே அலுமினியத் தகட்டுச் சுருளும் மின்பகு திரவமும் உண்டு. ஆண்டுகள் பல செல்லச் செல்ல அத்திரவம் வற்றுகின்றது. உருளையின் கொள்ளளவம் குறைந்து உட்டடை கூடுகின்றது. குளிரிலே எஞ்சிய திரவமும் தடித்து, மின்னைக் கடத்தும் திறன் மேலும் குன்றுகின்றது. தொடக்க வேளையிலே திடீரென வேண்டப்படும் மின்னை இத்தகைய உருளையாற் கொடுக்க இயலாது. இரண்டு மூன்று முறை முயலும்போது, உள்ளே பாயும் மின்னோட்டத்தாலேயே அது சிறிது சூடேறித் தன் வலுவை ஓரளவு மீளப் பெறுகின்றது. நான்காம் முறையிற் கணினி எழுவதன் மருமம் பெரும்பாலும் இதுவே. பனிக்காலத்துக் காலையிலே பழைய பற்றரி பூட்டிய லொறியைப் பலர் கூடித் தள்ளிக் கிளப்புவதையும், பின்னர் அது நாள் முழுதும் ஓடுவதையும் கண்டோர்க்கு இஃது எளிதில் விளங்கும்.

ஈண்டு ஓர் உண்மையைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். இவ்வுருளைகளின் வெப்பநிலை 10 பாகை கூடுந்தோறும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலார் கைக்கொள்ளும் பொதுக் கணக்கு. எனவே அவற்றைக் கெடுப்பது வெப்பம், காட்டிக்கொடுப்பது குளிர். தாழ்நிலத்து அலுவலகமொன்றிலே பத்தாண்டு வெந்து மூத்த கருவியின் மூப்பு, அவ்விடத்து வெப்பத்திலே மறைந்திருந்து, மலைக்கு வந்த முதற் காலையிலே வெளிப்படுகின்றது. கொடுத்தவரும் பெற்றவரும் ஒருவரையொருவர் நோவதற்கு இடமில்லை என்று முன்னர்க் கூறியது இதுபற்றியே. அன்றியும் 1999ஆம் ஆண்டளவு முதல் 2007ஆம் ஆண்டளவு வரை செய்யப்பட்ட கணினிகள் பலவற்றிலே, பிழையான கலவையாலாகிய திரவம் அடைத்த உருளைகள் உலகெங்கும் பெருந்தொகையாகப் பழுதடைந்தன. உச்சி புடைத்தும் கசிந்தும் நிற்கும் அத்தகைய உருளைகளை அக்காலத்துக் கணினிகளில் இன்றும் காணலாம்.

இரண்டாவது, இணைப்புக்கள். உலோகமும் பலகையும் பிளாத்திக்கும் வெப்பத்தால் விரிந்து குளிராற் சுருங்குவன. ஆயினும் அவை ஒரே அளவிற் சுருங்குவதில்லை. ஈயம் பற்றவைத்த இடத்திலே மயிரிழை போன்ற வெடிப்பொன்று இருப்பின், குளிரில் அது விரிந்து தொடர்பை அறுக்கலாம். சூடேறியபின் மீண்டும் பொருந்தலாம். நினைவகத் தகட்டின் விளிம்பிலே ஒட்சைட்டுப் படலம் படிந்திருப்பினும், தகடு தன் துளையில் நன்கு அமராதிருப்பினும் இத்தகைய விளைவே உண்டாகும்.

மூன்றாவது, ஈரம். தேயிலைத் தொழிற்சாலையிலே கொழுந்தை வாட்டுவோர், உலர் குமிழ், ஈரக் குமிழ் என்னும் இரு வெப்பமானிகளின் வேறுபாட்டை நோக்கிக் காற்றின் ஈரத்தை அளந்தறிவர். அக்கணக்கையே கணினிக்கும் கொள்ளலாம். 20 பாகை வெப்பமும் நூற்றுக்கு 80 சாரீரப்பதனும் உள்ள காற்றின் பனிபடுநிலை ஏறத்தாழ 16 பாகையாகும். 10 பாகைக்குக் குளிர்ந்திருந்த கணினி அத்தகைய காற்றைச் சந்திக்குமாயின் அதன் உலோகப் பகுதிகளிலே நீர் படியும். ஒரே காம்பராவிற் சமையலும் படிப்பும் நடைபெறும் வீட்டிலே, காலையிற் கொதிக்கும் நீரின் ஆவி குளிர்ந்த கணினிமேற் படிதல் இவ்வாறே. படிந்த தூசியோடு ஈரமும் சேர்ந்தால் மின் கசிதற்கு வழியுண்டாகும்.

நான்காவது, சுழலும் உறுப்புக்கள். குளிரில் மசகு தடிப்பதால் விசிறி முதற் சில நிமிடங்கள் முனகும். பழைய வன்தட்டுக்கள் சுழலத் தொடங்கும்போது மிகுதியான மின்னை வேண்டுவன. அவற்றுட் சிலவற்றை 0 பாகைக்குக் கீழேயும், வேறு சிலவற்றை 5 பாகைக்குக் கீழேயும் இயக்கலாகாதென ஆக்கியோரே விதித்துள்ளனர்.

ஐந்தாவது, நாணயம் போன்ற சிறு மின்கலம். இதன்மேல் ‘சீ.ஆர். 2032’ என்று பொறித்திருக்கும். 20 மில்லிமீற்றர் விட்டமும் 3.2 மில்லிமீற்றர் தடிப்பும் உடையது என்பதே அவ்விலக்கத்தின் பொருள். 3 வோல்ற்று அளவினதாகிய இக்கலம், கணினி மின்னின்றிக் கிடக்கும்போது அதன் கடிகாரத்தை ஓடச்செய்து, தொடக்க அமைப்புக்களையும் பேணுகின்றது. சுவரில் மின் இணைந்திருக்கும்வரை கலத்தின் தளர்ச்சி பெரும்பாலும் வெளித்தோன்றாது. பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடிமின்னலுக்கு அஞ்சி இரவிலே செருகியைக் கழற்றி வைப்பது நம் வழக்கம், அது நல்வழக்கமே. அவ்வாறு கழற்றிய மறுநாள் கணினி பழைய ஆண்டொன்றைத் திகதியாகக் காட்டித் தயங்குமாயின், தளர்ந்தது அச்சிறு கலமே என்று துணியலாம்.

ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தல்

காரணங்கள் பலவாக, அவற்றைப் பிரித்தறியும் வழி ஒன்றே. ஏனையவற்றை மாறாது வைத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தலே அது. 1986ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் சலஞ்சர் என்னும் அமெரிக்க விண்ணோடம் ஏழு பேருடன் வானிலே சிதைந்தது. அன்றைய காலை அவ்விடத்துக்கு வழக்கமில்லாக் குளிருடையது. பின்னர் நடைபெற்ற விசாரணையிலே பௌதிக அறிஞர் ரிச்சட் ஃபைன்மன், அவ்வோடத்தின் இணைப்பை அடைக்கும் இறப்பர் வளையத்தின் துண்டொன்றை இறுக்கிப் பிடித்துப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தினார்; எடுத்து விடுவித்தபோது அது தன் பழைய வடிவை விரைந்து மீளவில்லை என்பதை யாவரும் காணச் செய்தார். ஒரு குவளை நீரும் ஒரு வினாவும் அவ்வாராய்ச்சிக்குப் போதுமாயின.

நாமும் அவ்வாறு எளிய சோதனைகள் நான்கனைச் செய்யலாம். வேண்டுவன ஒரு குறிப்பேடும் சுவரில் தொங்கும் ஒரு வெப்பமானியுமே. ஒவ்வொரு முறையும் திகதி, நேரம், அறையின் வெப்பநிலை, எத்தனை மணிநேரம் அணைந்து கிடந்தது, செருகி கழற்றியிருந்ததா, எத்தனையாம் முயற்சியில் எழுந்தது, திரையில் யாது தோன்றியது, எத்தனை ‘பீப்’ ஒலி கேட்டது என்பவற்றை எழுதுக.

1. இரவு முழுதும் அணைத்து வைத்துக் குளிர்ந்த காலையிலே தொடக்குக. இதுவே ஒப்பீட்டுக்கு அடிப்படை.

2. அத்தனை மணிநேரமே பகலில் அணைத்து வைத்து, அறை வெம்மையுற்றிருக்கும் பிற்பகலிலே தொடக்குக. குறை தோன்றாவிடின் குளிரே தூண்டுகோல். தோன்றினால் அணைந்து கிடந்தமையே தூண்டுகோல்.

3. இரவிலே செருகியைக் கழற்றி ஒருநாளும், கழற்றாது ஒருநாளும் வைத்துப் பார்க்க. கழற்றிய நாளில் மட்டும் குறை தோன்றினால், சிறு கலத்தையும் மின்வழங்கியின் காத்திருப்புப் பகுதியையும் ஐயுறுக.

4. மழைக்குளிர் நிறைந்த நண்பகலிலே, பல மணிநேரம் அணைந்து கிடந்த கணினியைத் தொடக்குக. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அட்டன் பகுதியில் இத்தகைய நண்பகல்களுக்குக் குறைவில்லை. காலைபோற் குளிர்ந்திருந்தும் குறை தோன்றாவிடின், விடியற்கால மின்தாழ்வை ஐயுறுக.

இவற்றோடு குறை எக்கட்டத்திலே தோன்றுகின்றது என்பதையும் நோக்குக. உற்பத்தியாளரின் இலச்சினை தோன்றுமுன்னரே திரை இருண்டிருப்பின் அது வன்பொருட் குறை எனலாம். இலச்சினை தோன்றி விண்டோஸ் ஏறும்போது தடுமாறினால் மென்பொருளையும் ஐயுறல் வேண்டும். 2012ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்னும் வசதி அமைந்துள்ளது. அஃது இயங்கும் கணினியிலே, ‘ஷட் டவுன்’ செய்யும்போது முறைமையின் உட்கரு நிலை வட்டில் எழுதிவைக்கப்பட்டு, அடுத்த தொடக்கத்தில் அப்படியே மீட்கப்படுகின்றது. ‘றீஸ்டார்ட்’ கொடுக்கும்போதே யாவும் புதிதாய்த் தொடங்குகின்றன. ஆகவே, அணைத்து எழுப்பினாற் பிணங்கி, ‘றீஸ்டார்ட்’ கொடுத்தால் நன்கு இயங்கும் கணினிக்கு, வெம்மையான பிற்பகலிலும் அப்படியே நிகழுமாயின், அவ்வசதியை நிறுத்திப் பார்த்தல் செலவில்லாத முதல் மருந்தாகும்.

ஓர் எடுத்துக்காட்டு

மாணவர் விளங்கும்பொருட்டு ஒரு குறிப்பேட்டைக் கற்பித்துக் கொள்வோம். முதல் நாட் காலை 6 மணி, அறை 9 பாகை, ஒன்பது மணிநேரம் அணைவு, செருகி கழற்றியிருந்தது, நான்காம் முயற்சியில் எழுந்தது, திகதி சரி. இரண்டாம் நாட் பிற்பகல் 3 மணி. அறை 19 பாகை. ஒன்பது மணிநேரம் அணைவு. முதல் முயற்சியிலேயே எழுந்தது. மூன்றாம் நாட் காலை 6 மணி, 9 பாகை, செருகி கழற்றவில்லை, மூன்றாம் முயற்சியில் எழுந்தது. நான்காம் நாள் நண்பகல் மழை, 11 பாகை, மூன்றாம் முயற்சியில் எழுந்தது. எந்நாளிலும் இலச்சினை தோன்றுமுன்னரே திரை இருண்டிருந்தது.

இனி இதனைப் படிப்போம். இரண்டாம் நாள் அணைவைக் குற்றத்தினின்று விடுவித்தது. மூன்றாம் நாள் செருகியை விடுவித்தது. திகதி மாறாமை சிறு கலத்தை விடுவித்தது. நான்காம் நாள் விடியற்கால மின்தாழ்வை விடுவித்தது. இலச்சினைக்கு முன்னரே நிகழ்ந்தமை மென்பொருளை விடுவித்தது. எஞ்சியிருப்பன, குளிரால் மாறுபடும் கொள்ளளவியும் இணைப்பும். ஐந்தாம் நாள் நினைவகத் தகட்டைக் கழற்றித் துடைத்து மீளப் பொருத்தியும் குறை நீங்கவில்லை. ஆறாம் நாள் நண்பர் ஒருவரின் நலமுள்ள மின்வழங்கியை இரவல் பெற்றுப் பூட்ட, தொடர்ந்து மூன்று குளிர்ந்த காலைகளிலும் கணினி முதல் முயற்சியிலேயே எழுந்தது.

இங்கே பலர் நின்றுவிடுவர். நில்லாது இன்னும் ஓரடி செல்லல் வேண்டும். பழைய மின்வழங்கியை மீண்டும் பூட்டிப் பார்க்க. குறையும் அதனோடு திரும்பி வருமாயின் தீர்ப்பு உறுதியாயிற்று. வாராதாயின், கழற்றிப் பூட்டியபோது தளர்ந்த கம்பியொன்று இறுகியதே மருந்தாயிருக்கலாம். புதிய மின்வழங்கிக்குக் கொடுக்கவிருந்த பணம் அப்போது மிச்சமாகும்.

மருந்தின் வரிசை

எம்மருந்துக்கும் முன்னதாகச் செய்யவேண்டியது ஒன்றுண்டு. கணினி எழுந்து இயங்கும் வேளையிலேயே மாணவரின் செயற்றிட்ட அறிக்கை, குடும்பப் படங்கள், கணக்குகள் யாவற்றையும் ஒரு ‘பென் டிரைவ்’விலும் வேறோரிடத்திலுமாக இரு படிகள் எடுத்து வைக்க. கோப்பொன்று எழுதப்படும் நடுவிலே கணினி அணையுமாயின் அக்கோப்புப் பழுதாகலாம். கருவி போனால் வேறொன்று பெறலாம். எழுதிய எழுத்துப் போனால் திரும்பாது.

அதன்பின் செலவு குறைந்ததினின்று செலவு மிகுந்ததை நோக்கிச் செல்க. முதலிற் சுவர்ச் செருகியையும் நீட்சிக் கம்பியையும் மாற்றிப் பார்க்க, இடையில் யூ.பி.எஸ். இருப்பின் அதனை நீக்கியும் பார்க்க. அடுத்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியை நிறுத்துக. மூன்றாவது, திகதி தவறுமாயின் சிறு கலத்தை மாற்றுக. நான்காவது, செருகியைக் கழற்றி, தொடக்க ஆளியைச் சில விநாடி அழுத்தி, பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னை நீக்கியபின், நினைவகத் தகட்டைக் கழற்றுக. மென்துணியில் ஐசோபுரொப்பைல் அற்ககோல் சிறிது தோய்த்து அதன் விளிம்பைத் துடைத்து, உலர்ந்தபின் பொருத்துக. அப்போதே தாய்ப்பலகையின் உருளைகளை நோக்கி, உச்சி புடைத்தது, கசிந்தது ஏதும் உண்டோ எனக் காண்க. ஐந்தாவதாகவே இரவல் மின்வழங்கி கொண்டு சோதித்தல். சில உற்பத்தியாளரின் பெட்டிகளிலே செருகிகள் வேறுபட்டிருக்குமாதலின், பொருந்துவதுதானா என்று அறிந்தே பூட்டுக. தாய்ப்பலகையை மாற்றுதல் இவ்வரிசையின் கடைசியிலே வரவேண்டியது. அதனை முதலிலே செய்து பெருந்தொகை செலவிட்டபின், குறை மின்வழங்கியிலே இருந்தது எனக் காண்பதினும் வருத்தந்தருவது பிறிதில்லை.

பன்மானி கொண்டு அளக்கத் தெரிந்தோர், 12, 5, 3.3 வோல்ற்று ஆகிய வழிகள் பொதுவாக நூற்றுக்கு ஐந்துக்குமேல் வேறுபடலாகாது என்பதை நினைவிற் கொள்க. அஃதாவது 12 வோல்ற்று வழி 11.4க்குக் குறைதலும் 12.6க்கு மிகுதலும் ஆகா. மின்வழங்கி தன் வழிகள் நிலைபெற்றதை உணர்ந்த பின்னரே, ‘மின் நலம்’ என்னும் சைகையைத் தாய்ப்பலகைக்கு அனுப்புகின்றது. பொதுவாக அரை விநாடிக்குள் வரவேண்டிய அச்சைகை வாராதவிடத்தே விசிறி சுழன்றும் திரை இருண்டு கிடக்கின்றது.

கடைக்குக் கொண்டு செல்வோர்க்கு ஒரு சொல். காலையிற் பிணங்கிய கணினி, நண்பகலிலே பேருந்திற் சென்று, பலரும் கூடிய கடையிலே வைக்கப்படும்போது பெரும்பாலும் நன்றாகவே எழும். திருத்துநர் “குறை ஒன்றும் இல்லை” என்பார்; அவர் கண்டது அதுவே. அவ்வேளையில் வாதாடாது குறிப்பேட்டைக் காட்டுக. கணினியை இரவு கடையிலேயே விட்டுவைத்து, மறுநாட் கடை திறந்ததும் முதல் வேலையாகத் தொடக்கிப் பார்க்குமாறு வேண்டுக. மலையினின்று கண்டிக்கோ கொழும்புக்கோ கொண்டு சென்றால், இறக்கிய உடனே மின் கொடாது, ஓரிரு மணிநேரம் இருக்கவிட்டு ஈரம் உலர்ந்தபின் கொடுக்கச் சொல்லுக.

செய்யத்தகாதன

அடுப்பருகே கணினியை வைத்துக் காய்ச்சுதலும், தலைமயிர் உலர்த்தியால் வெப்பக் காற்றை ஊதுதலும் ஆகா. ஒருபுறம் மட்டும் விரைந்து சூடேறுவதால் வெடிப்புக்கள் பெருகும். சோதனைக்காகக் குளிர்ப்பெட்டியில் வைத்தலும் ஆகாது. வெளியில் எடுத்ததும் நீர் படியும். மின்வழங்கியின் பெட்டியைத் திறத்தல் பயிற்சியில்லாதார்க்கு உயிராபத்து. 230 வோல்ற்று மின் அதனுள்ளே ஏறத்தாழ 325 வோல்ற்றாகச் சேமிக்கப்படுகின்றது. செருகியைக் கழற்றிய பின்னரும் சிறிது நேரம் அது தங்கியிருக்கும்.

“அணைத்தால்தானே பிணங்கும், அணையாதே வைப்போம்” என்பாரும் உளர். இஃது அறியாமையாற் பிறந்த எண்ணம் என்று தள்ளிவிட இயலாது. 1946ஆம் ஆண்டிலே உலகறியக் காட்டப்பட்ட எனியாக் என்னும் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அவை பெரும்பாலும் சூடேறும்போதும் ஆறும்போதுமே பழுதடைந்தமையால், அதனை இயக்கியோர் அணையாது வைப்பதையே விரும்பினர். ஆயினும் நம் வீட்டிலே அவ்வாறு செய்தல் நோயை மறைத்தலாகுமேயன்றித் தீர்த்தலாகாது. மின்கட்டணம் ஏறுவதோடு உருளைகளின் மூப்பும் விரையும். 2022ஆம் ஆண்டின் பங்குனி இறுதியிலே நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை யாவரும் அறிவோம். அணையாக் கணினியையும் அணைக்கும் நாள் ஒன்று வரும். அது நாம் குறிக்கும் நாளாயிராது. அந்நாளிலே அஃது எழாது போகுமாயின், படியெடாத எழுத்துக்கள் எட்டாப் பொருளாகிவிடும்.

கணினியை நிலத்தினின்று உயர்த்தி, சமையலின் ஆவி படாத இடத்திலே, காற்றோட்டம் தடைபடாது வைத்தலும், ஆண்டுக்கொருமுறையேனும் தூசி போக்குதலும் நலம் பேணும் வழிகள். குளிர் மிக்க காலையிலே, கதவைத் திறந்து வெயில் சிறிது புக விட்டு அறை வெம்மையுற்றபின் தொடக்குதலும் தவறன்று. ஆயினும் அவ்வாறு தொடக்கி நன்கு இயங்கியதனாற் குறை தீர்ந்தது என்று குறிப்பேட்டை மூடிவிடலாகாது.

பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்

இவ்விழா மலரைக் கையிலேந்தும் பழைய மாணவர் பலர், கல்லூரிக்கும் தோட்டப் பாடசாலைகளுக்கும் கருவிகள் வழங்கும் நல்லெண்ணம் உடையவர். அவர்க்கு யாம் கூறுவது இது. அனுப்பும் கணினி ஒவ்வொன்றின் உருளைகளையும் ஒருமுறை நோக்குங்கள். சிறு கலத்தைப் புதிதாக இட்டு அனுப்புங்கள். பத்துக் கணினிக்கு ஒன்றென நலமுள்ள மின்வழங்கியையும் உடன் அனுப்புங்கள். அவ்வொன்று சோதனைக் கருவியாய் நின்று பல கணினிகளைக் காக்கும். மின்னியல் கற்றோர் ஆண்டுக்கொருநாள் வந்து மாணவரோடு அமர்ந்து இச்சோதனைகளைச் செய்துகாட்டுவராயின், அது கணினியினும் பெரிய கொடையாகும்.

மாணவர்களே, வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே நோயைத் தீர்க்குமுன் அதன் காரணத்தை ஆராயச் சொன்னார். அவ்வறிவுரை உடலுக்கு மட்டும் உரியதன்று. காலையிற் கணினி பிணங்கும்போது, “யார் பழுதாக்கியது?” என்ற வினா எழுந்தால், “எப்போது, எத்தனை பாகையில், எத்தனையாம் முயற்சியில்?” என்னும் வினாக்களை அதன் இடத்தில் வையுங்கள். முதல் வினாவுக்கு விடையாக ஒரு பிள்ளையின் கண்ணீர் கிடைக்கலாம். பின்னைய வினாக்களுக்கு விடையாகக் குறையின் இருப்பிடம் கிடைக்கும்.

கல்லூரி வாழ்க! அதன் புதல்வர் எங்கிருப்பினும் நலம் பெறுக!